இணக்கப் பத்திரம் வாய்ப்பூட்டாகலாமா?

உன்னிச்சையில் வாசகர் சிலரைச் சந்திக்கும் வாய்ப்பு அண்மையில் நமக்குக் கிட்டியது. சந்திப்பு முடிந்து அனைவரும் கலைந்த பின்னர், நடுத்தர வயதைக் கடந்த விவசாயி ஒருவர் மட்டும் தயங்கி நின்றார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த இரண்டு தாள்களை எடுத்து நீட்டினார். அவை ஆங்கிலத்தில் தட்டச்சுச் செய்யப்பட்டிருந்தன. இறுதியில் அவரது கையொப்பம் தமிழில் இருந்தது. பல ஆண்டுகள் ஒரு மத அமைப்பில் அங்கத்தவராக இருந்து உழைத்து, பின்னர் மனம் மாறி வெளியேறியவர் அவர். தாம் கொடுத்த பணம் தொடர்பாக எழுந்த பிணக்கு, ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டதுடன் தீர்ந்தது. ஆனால் அமைப்புக்குள் நடந்த எதையும் எவரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் ஒவ்வொரு தடவைக்கும் பெருந்தொகை கட்ட வேண்டும் என்றொரு நிபந்தனையும் அத்தாளில் இருந்தது.

"ஐயா, இப்ப அயலில் ஒரு குடும்பம் அதே அமைப்பில் சேரப் போகுது. காணியையும் எழுதிக் கொடுக்கப் போறார்களாம். உங்களுக்குத் தெரியுமே, சொல்லுங்க என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள். கையெழுத்து வைத்தவன் இனி வாயே திறக்கக் கூடாதா?" என்பதே அவரது கேள்வி. அவர் தமிழரா முஸ்லிமா, அவ்வமைப்பு எந்த மதத்தைச் சார்ந்தது என்பவற்றை நாம் இங்கு எழுதப் போவதில்லை. இக்கேள்வி எந்த மதத்தவருக்கும் எழக் கூடியது என்பதால், அவருக்குச் சொன்னதையும் அப்போது சொல்ல இயலாது போனதையும் சேர்த்து எல்லா வாசகர்களுக்குமாக விளக்குவது நமது கடமையெனக் கருதுகின்றோம்.

மட்டக்களப்பு வாவியின் மேற்கே படுவான்கரையில் அமைந்த உன்னிச்சை, குளத்தையும் வயலையும் நம்பி வாழும் மண். யுத்த காலத்தில் இரு சமூகத்தவரும் இடம்பெயர்ந்து துன்புற்ற மண்ணும் அதுவே. அரச அலுவலகங்களும் நீதிமன்றமும் எட்டாத் தொலைவில் இருந்த காலங்களில் பள்ளிவாசல் நிர்வாகமும், கோயில் பரிபாலன சபையும், தேவாலயமும்தான் இம்மக்களின் பிணக்குகளைத் தீர்த்து வைத்தன. ஆகவே, பெரியோர் முன்னிலையில் இணங்கிப் போவது என்பது இங்கு புதியதன்று. நல்லதும்கூட. ஆனால் பிணக்கைத் தீர்த்து வைக்கும் அமைப்பே பிணக்கின் ஒரு தரப்பாக இருக்கும்போது நிலைமை முற்றிலும் வேறாகி விடுகின்றது.

முதலில் இணக்கம் என்பதன் சட்டப் பொருளை நோக்குவோம். பிணக்குற்ற இருவர் தத்தமது கோரிக்கைகளில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, மீதியை எழுத்தில் வரைந்து கையொப்பமிடுவது ஓர் ஒப்பந்தமாகும். வழக்கு நீதிமன்றத்தில் இருக்கும்போது அவ்வாறு இணங்கினால், குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 408ஆம் பிரிவின்படி அதனை நீதிமன்றுக்கு அறிவித்து, அதற்கு அமையத் தீர்ப்பாணை பெறலாம். அதன் பின்னர் அது வெறும் தாளன்று, நீதிமன்றத்தின் ஆணை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைகளும் இணக்கத்தை எழுத்தில் பதிவு செய்கின்றன. எவ்வழக்கும் இன்றி, அலுவலக அறையொன்றில் இரு தரப்பும் ஒப்பமிட்ட தாளோ சாதாரண ஒப்பந்தமாகவே கொள்ளப்படும். உன்னிச்சை விவசாயியின் கையில் இருந்தது இந்த மூன்றாவது வகை.

இரகசியம் காக்கும் நிபந்தனை எல்லாம் தீயது என்று நாம் கூற வரவில்லை. ஒரு குடும்பத்தின் மணமுறிவு, ஒருவரின் நோய், ஒரு பெண்ணின் மானம் ஆகியவை ஊர் வாயில் விழாமல் காக்கப்பட வேண்டியவை. பல பிணக்குகள் தீருவதே, இத்தோடு பேச்சு முடிந்தது என்று இரு தரப்பும் வாக்குக் கொடுப்பதனால்தான். பணத்தை வாங்கிக்கொண்டு மறுநாளே வாக்கை மீறுபவரைச் சட்டமும் ஆதரிக்காது, சமூகமும் மதிக்காது.

எனினும் ஒரு வேறுபாட்டை வாசகர்கள் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். அவதூறு வேறு, இரகசிய மீறல் வேறு. நமது நாட்டில் அவதூறு 2002ஆம் ஆண்டில் குற்றவியல் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டு, இன்று நட்டஈடு கோரும் குடியியல் வழக்காக மட்டுமே உள்ளது. அவ்வழக்கில், சொன்னது உண்மை, பொதுநலனுக்காகவே சொல்லப்பட்டது என்று நிரூபித்தால் தப்பலாம். ஆனால் இரகசிய நிபந்தனையை மீறியவருக்கு அந்தக் கேடயம் கிடையாது. அவர் சொன்னது உண்மையா பொய்யா என்பது அங்கு கேள்வியே அல்ல. சொல்வதில்லை என ஒப்புக்கொண்டதைச் சொன்னாரா என்பதே கேள்வி. உண்மை பேசுபவரை எவர் என்ன செய்ய முடியும் என்று எண்ணிக் கையொப்பமிடுவோர் ஏமாறும் இடம் இதுதான்.

இத்தகைய நிபந்தனை எத்துணை தூரம் கொண்டு செல்லப்படலாம் என்பதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று அமெரிக்காவில் உண்டு. ஜெரி ஆம்ஸ்ட்ரோங் என்பவர் 1969இல் சயன்டோலொஜி சபையில் சேர்ந்தவர். அதன் நிறுவுநர் எல். ரொன் ஹபார்ட்டின் வாழ்க்கை வரலாற்றுக்கான ஆவணங்களைத் திரட்டும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஆவணங்கள் ஒன்றைச் சொல்ல, சபை வேறொன்றைச் சொல்வதாகக் கண்ட அவர் 1981இன் இறுதியில் சபையை விட்டு வெளியேறினார். சில ஆவணங்களைத் தமது சட்டத்தரணிகளிடம் ஒப்படைத்தார் என்பதற்காக 1982இல் சபை அவர் மீது வழக்குத் தொடர்ந்தது. 1984இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது.

அத்துடன் முடிந்திருக்க வேண்டிய கதை, 1986 டிசம்பரில் செய்யப்பட்ட இணக்கத்தின் மூலம் மீண்டும் தொடங்கியது. 8 இலட்சம் டொலரைப் பெற்றுக்கொண்ட ஆம்ஸ்ட்ரோங், சபையில் தமக்கு ஏற்பட்ட அனுபவங்கள் பற்றிப் பேசுவதில்லை, சபைக்கு எதிராக வழக்காடுவோருக்கு உதவுவதில்லை எனக் கையொப்பமிட்டார். மீறினால் தடவை ஒன்றுக்கு 50 ஆயிரம் டொலர் செலுத்த வேண்டும் என்பது நிபந்தனை. சட்டத்தரணியின் நெருக்குதலினாலேயே ஒப்பமிட்டதாகவும், சபை தம்மைப் பற்றித் தொடர்ந்து பேசிக்கொண்டிருக்கையில் தாம் மட்டும் ஊமையாக இருக்க முடியாது எனவும் கூறி, அவர் சில ஆண்டுகளில் பேசத் தொடங்கினார். 1992இல் சபை மீண்டும் வழக்குத் தொடர்ந்தது. 1995இல் கலிபோர்னியாவின் மரின் மாவட்ட நீதிமன்றம் அவருக்கு எதிராக நிரந்தரத் தடையுத்தரவு பிறப்பித்தது. அவர் வங்குரோத்து நிலையை அடைந்தார். தடையுத்தரவையும் மீறியமைக்காக நீதிமன்ற அவமதிப்பின் பேரில் சிறைத்தண்டனையும் அபராதமும் விதிக்கப்பட்டன. அவர் தமது தாய்நாடான கனடாவுக்குச் சென்றார்.

பின்னர் சபை ஒரு கோடி டொலருக்கும் அதிகமான தொகையைக் கோரி வழக்காடியது. 2004இல் அதனை விசாரித்த நீதிமன்றம் நிபந்தனை மீறப்பட்டதை ஏற்றுக்கொண்டது. ஆயினும், கேட்ட தொகை முழுவதையும் வழங்குவது நியாயமாகாது எனக் கருதி, செலுத்த வேண்டியதை 5 இலட்சம் டொலராக மட்டுப்படுத்தியது. இங்கு இரண்டு விடயங்கள் கவனிக்கத்தக்கவை. நீதிமன்றம் அவரது கையொப்பத்தை மதித்தது. அதே வேளை, அக்கையொப்பத்தைக் கொண்டு ஒரு மனிதனை எல்லையின்றி நசுக்குவதற்கு இடமளிக்க அது தயங்கியது.

இவ்வழக்கில் பயன்படுத்தப்பட்ட ஆயுதங்கள் மூன்று. முன்கூட்டியே குறித்த நட்டஈடு, பேசுவதைத் தடுக்கும் தடையுத்தரவு, அதனை மீறினால் நீதிமன்ற அவமதிப்பு. இம்மூன்றும் நமது சட்டத்திலும் இருப்பவையே. தடையுத்தரவை மீறுவோரை அவமதிப்புக்காகத் தண்டிக்கலாம் எனக் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை கூறுகின்றது. தடையுத்தரவைப் பிறப்பிக்க வேண்டியது நீதிமன்றமே அன்றி அமைப்பின் நிர்வாகமன்று என்பதை மக்கள் மறந்து விடலாகாது. உன்னைச் சிறைக்கு அனுப்புவோம் என்று எந்த நிர்வாகியும் மிரட்டுவதற்குச் சட்டத்தில் இடமில்லை.

குறித்த நட்டஈடு பற்றிய முக்கியமான தீர்ப்பொன்று நமது நாட்டிலிருந்தே சென்றது என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் விளைச்சலை விற்பது தொடர்பாக இருவர் செய்த ஒப்பந்தத்தில், மீறினால் 500 பவுண் என எழுதப்பட்டிருந்தது. வெப்ஸ்டர் எதிர் பொசங்கே என்ற அவ்வழக்கு 1912இல் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. அத்தொகை அங்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட போதிலும், ஒப்பந்தத்தில் நட்டஈடு என்று பெயரிட்டிருப்பது மாத்திரம் முடிவானதன்று, ஏற்படக்கூடிய நட்டத்துடன் ஒப்பிடுகையில் தொகை மிதமிஞ்சியதா என்பதை நீதிமன்றம் நோக்க வேண்டும் என்பதே அதன் சாரம். ஆகவே, ஓர் ஏழை விவசாயி தன் ஆயுள் முழுவதும் உழைத்தாலும் கட்ட முடியாத தொகையை எழுதி வைத்துவிட்டு, அதனை அப்படியே அறவிடலாம் என்று எவரும் உறுதி கொள்ள முடியாது.

இதனை விடவும் பெரிய எல்லைகள் சில உள்ளன. குற்றம் ஒன்றை மறைப்பதற்காகச் செய்யப்படும் உடன்பாட்டைச் சட்டம் ஒருபோதும் நிறைவேற்றிக் கொடுக்காது. அது பொதுநலனுக்கு முரணானது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, குற்றவாளியைத் தண்டனையிலிருந்து காப்பாற்றுவதற்காகப் பணம் பெறுவதையும் கொடுப்பதையும் குற்றமாக்கியுள்ளது. எனவே, சிறுவர் துன்புறுத்தல், களவு, மோசடி, தாக்குதல் ஆகியவை பற்றிப் பொலிஸாரிடம் முறையிடுவதையோ, நீதிமன்றம் அழைக்கும்போது சாட்சி சொல்வதையோ எந்த இணக்கப் பத்திரமும் தடுக்க முடியாது. சாட்சியை அச்சுறுத்துவது 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் குற்றமாகும். பதினெட்டு வயதை அடையாதவரின் கையொப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு அவரைக் கட்டுப்படுத்த நினைப்பதும் சட்டத்தின் முன் நிலைக்காது.

பொதுமக்களின் பணமும் இவ்வாறே. பள்ளிவாசல்களின் நம்பிக்கைப் பொறுப்பாளர்கள் 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டத்தின் கீழ் வக்பு சபைக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர்கள். கோயிலோ தேவாலயமோ அறக்கட்டளையோ எதுவாயினும், ஊராரின் காணிக்கையிலும் நன்கொடையிலும் இயங்கும் அமைப்பின் கணக்கு ஊராருக்குரியது. அதனைத் தனியொருவரின் வாயைக் கட்டுவதன் மூலம் மறைத்துவிடலாம் என எண்ணுவது பேதைமை.

அப்படியானால் பேச்சுச் சுதந்திரத்தை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பாதுகாக்கின்றதே, உயர் நீதிமன்றம் செல்லலாமே என்று சிலர் கேட்கலாம். அடிப்படை உரிமை மனு என்பது அரசின் நிர்வாக, ஆட்சித்துறைச் செயல்களுக்கு எதிராகவே தாக்கல் செய்யப்படுவது. தனியார் அமைப்பொன்றுடன் ஒருவர் தாமாகச் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கு எதிராக அவ்வழி நேரடியாகத் திறந்திருப்பதில்லை. ஆகவே கையொப்பமிடுவதற்கு முன் யோசிப்பதே மேலான பாதுகாப்பு.

மத அமைப்புகளே இவ்விடயத்தில் பாடம் கற்றுக்கொண்ட வரலாறும் உண்டு. அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் குருமார் சிலரால் சிறுவர்கள் பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளான சம்பவங்கள், பணம் கொடுத்துச் செய்யப்பட்ட இரகசிய இணக்கங்களால் பல ஆண்டுகள் மறைக்கப்பட்டிருந்தமை 2002இல் பத்திரிகை மூலம் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே அந்நாட்டுக் கத்தோலிக்க ஆயர்கள், பாதிக்கப்பட்டவர் தாமாகக் கேட்டாலன்றி இரகசியம் காக்கும் நிபந்தனையுடன் இணக்கம் செய்வதில்லை என விதி வகுத்தனர். 2019இல் பாப்பரசர் பிரான்சிஸ், இத்தகைய முறைப்பாடுகள் தொடர்பில் திருச்சபை கடைப்பிடித்து வந்த இரகசிய விதியை நீக்கினார். பாலியல் துன்புறுத்தல் தொடர்பான உண்மைகளை மறைக்கும் இணக்க விதிகளைக் கலிபோர்னியா 2018இல் இயற்றிய சட்டத்தின் மூலம் கட்டுப்படுத்தியது. டெக்சாஸ், மிசூரி மாநிலங்கள் 2025இல் சிறுவர் பாலியல் துன்புறுத்தல் விடயத்தில் இத்தகைய வாய்ப்பூட்டு விதிகளைச் செல்லாதவையாக்கின. உலகம் எத்திசையில் செல்கின்றது என்பதற்கு இவை போதுமான சான்றுகளாகும்.

நமது சமயங்களின் போதனையும் இதற்கு மாறானதன்று. உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு சூரா அல்மாஇதாவின் முதல் வசனத்திலேயே திருக்குர்ஆன் கட்டளையிடுகின்றது. அதே திருக்குர்ஆன் சாட்சியத்தை மறைக்க வேண்டாம் எனச் சூரா அல்பகராவில் எச்சரிக்கின்றது. முஸ்லிம்கள் தாம் ஏற்றுக்கொண்ட நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள், ஆயினும் ஹராத்தை ஹலாலாகவும் ஹலாலை ஹராமாகவும் ஆக்கும் நிபந்தனை அதில் அடங்காது என்ற கருத்தில் அமைந்த நபிமொழி திர்மிதியில் பதிவாகியுள்ளது. இரகசிய இணக்கம் பற்றி இன்றைய சட்டம் சுற்றிவளைத்துச் சொல்வதை இது நேராகச் சொல்லிவிடுகின்றது. வாய்மைக்கு இலக்கணம் வகுத்த வள்ளுவரும் பிறருக்குத் தீங்கு நேராமையையே அதன் அளவுகோலாக வைத்தார். வாக்கைக் காப்பது அறம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அயலவர் கிணற்றில் விழப்போவதைக் கண்டும் வாளாவிருப்பதை எந்த அறமும் வாக்குக் காத்தல் என்று போற்றியதில்லை.

இனி, இத்தகைய பத்திரம் ஒன்று எவர் முன் நீட்டப்பட்டாலும் அவர் நினைவில் கொள்ள வேண்டியவற்றைக் கூறுவோம். தமக்கு விளங்காத மொழியில் உள்ள தாளில் கையொப்பமிடலாகாது. தமிழ்ப் பிரதியைக் கேட்க வேண்டும். அவசரப்படுத்தினால் அதுவே எச்சரிக்கை எனக் கொண்டு, வீட்டுக்குக் கொண்டு சென்று யோசிக்க அவகாசம் கோர வேண்டும். மறுதரப்பின் சட்டத்தரணி தமக்கும் சட்டத்தரணி ஆகமாட்டார் என்பதை அறிய வேண்டும். இரகசியம் காக்கும் கடமை இரு தரப்புக்கும் சமமாக உண்டா, எத்தனை ஆண்டுகளுக்கு உண்டு, மனைவி பிள்ளைகளிடமும் வைத்தியரிடமும் சட்டத்தரணியிடமும் பேசலாமா, பொலிஸுக்கும் நீதிமன்றுக்கும் சொல்வது விலக்களிக்கப்பட்டுள்ளதா, மீறினால் கட்ட வேண்டிய தொகை தம் வருமானத்துக்குப் பொருந்துமா என்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கையொப்பமிட்ட பின்னர் ஒரு பிரதியைக் கட்டாயம் தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும். வசதியற்றோருக்கு உதவுவதற்காக 1978இல் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் மட்டக்களப்பிலும் உண்டு.

மத அமைப்புகளின் நிர்வாகிகளிடமும் ஒன்றைச் சொல்ல விரும்புகின்றோம். வெளியேறியவர் பேசுவாரோ என்ற அச்சத்தில் அவர் வாயைப் பணத்தால் அடைப்பதை விட, அவர் பேசினாலும் வெட்கப்பட ஏதுமில்லாத வகையில் அமைப்பை நடத்துவதே சிறந்தது. கணக்கைத் திறந்து வைத்திருக்கும் நிர்வாகத்துக்கு வாய்ப்பூட்டு தேவைப்படாது.

உன்னிச்சை விவசாயிக்கு நாம் சொன்னது இதுதான். பத்திரத்தை முதலில் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் காட்டுங்கள். அதில் எது செல்லும், எது செல்லாது என்பதை அறியும் வரை நிபந்தனையை மீறிப் பேச வேண்டாம். அங்கு குற்றம் ஏதும் நடந்திருந்தால் அதைப் பொலிஸாரிடம் சொல்வதற்கு எவரது அனுமதியும் தேவையில்லை. அந்தக் குடும்பத்தினர் மீண்டும் வந்தால், அமைப்பின் உள்விவகாரம் எதையும் சொல்லாமலே, காணியை எழுதிக் கொடுப்பதற்கு முன் எவராயினும் கணக்கைக் கேட்டுப் பார்ப்பதும் நொத்தாரிசு ஒருவரிடம் ஆலோசனை பெறுவதும் நல்லது என்று கூறலாம். அது எந்த ஊரிலும் எந்தப் பெரியவரும் சொல்லும் பொதுப் புத்திமதி. அதற்கு எந்தப் பத்திரமும் அபராதம் போட முடியாது. அவர் தாள்களை மீண்டும் நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை மட்டக்களப்புக்குப் போவதாகச் சொல்லி விடைபெற்றார்.

மாரி காலத்தில் உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்ட செய்தியை ஆண்டுதோறும் நாம் பிரசுரித்து வருகின்றோம். அணைக்கட்டு நீரைத் தேக்குவதற்காகவே கட்டப்பட்டது. ஆயினும் வான்கதவு இல்லாமல் அதனைக் கட்டிய பொறியியலாளர் எவருமில்லை. மதகு வழியே பாயும் நீர் வயலை விளைவிக்கும். கட்டு உடைந்து பாயும் நீர் ஊரை அழிக்கும். இரகசிய இணக்கமும் அத்தகையதே. குற்றத்துக்கும், குழந்தைக்கும், ஊர்ப் பணத்துக்கும் வான்கதவு வைத்துக் கட்டப்பட்ட இணக்கமே நிலைத்து நிற்கும்.